முகாமுக்கு அரைக் கிலோ கத்தி எதற்கு?

முகாமுக்கென்று மடங்காத கத்தி வாங்கப் போகிறவருக்கு இன்று கிடைக்கும் அறிவுரை ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. அலகு குறைந்தது 6 அங்குலம் இருக்க வேண்டும். முதுகு 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை அதே அகலத்தில் ஓட வேண்டும். எஃகு விலை உயர்ந்த நவீன ரகமாக இருக்க வேண்டும். முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளந்தாலும் தாங்க வேண்டும். இந்த ஐந்தும் சேர்ந்தால் கத்தி ஆயுளுக்கும் உழைக்கும் என்பது நம்பிக்கை. பிடி கைக்கு எப்படி இருக்கும் என்ற கேள்வி கடைசியில் வரும். பல வேளை வராமலே போகும்.

ஐந்து விதிகளில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கத்திக்குப் பொருந்தும். இரண்டு மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்குபவரின் கத்திக்குப் பொருந்தாது. அவருக்கு 4 அங்குல அலகும் 2.5 முதல் 3 மி.மீ. வரை முதுகும் உள்ள, கைக்குள் அடங்கும் எளிய கத்தி போதும். போதும் என்பதுகூடக் குறைத்துச் சொல்வதுதான். முகாம் வேலையில் அது பெரிய கத்தியைவிட நன்றாக வெட்டும், கையைக் குறைவாகவே சோரவைக்கும், நெடுநாள் பயனில் இருக்கும்.

முகாமில் கத்தி என்னென்ன செய்கிறது என்பதை ஒரு நாள் கவனித்தாலே பாதி வாதம் தீர்ந்துவிடும். காலையில் ரொட்டிப் பொட்டலம் பிரிக்கும். கயிறு அறுக்கும். வெங்காயம், பச்சை மிளகாய், கேரட் நறுக்கும். ஆற்றங்கரை முகாமென்றால் மீனைச் சுத்தம் செய்யும். கூடாரத்தின் முளை ஒன்று தொலைந்துபோனால் குச்சியைச் சீவிப் புது முளை செய்யும். மாலையில் அடுப்பு பற்றவைக்கச் சீவல் எடுக்கும். எல்லாமே அறுப்பது, நறுக்குவது, சீவுவது. ஓங்கி வெட்டுகிற வேலை ஒன்றுகூட இல்லை.

6 மி.மீ. முதுகுள்ள கத்தியால் ஒரு கேரட்டை நறுக்கிப் பார்த்தால் சங்கதி விளங்கும். வாய் எவ்வளவு கூராக இருந்தாலும், ஒரு சென்டிமீட்டர் இறங்கியதும் கத்தி திணறும். இன்னும் அழுத்தினால் ‘டக்’கென்று சத்தம், கேரட் இரண்டாகிவிடும். துண்டை எடுத்துப் பார்த்தால் மேல் பகுதி வழவழப்பாக வெட்டுப்பட்டிருக்கும். கீழ்ப் பகுதி சொரசொரவென்று பிளந்திருக்கும். கத்தி பாதி வழியிலேயே வெட்டுவதை நிறுத்திவிட்டது, மிச்சத்தை ஆப்பாக நின்று பிளந்தது என்பதற்கு அந்தத் துண்டே சாட்சி. மரக்குச்சியைச் சீவும்போதும் இதே கதைதான். வாய்க்குப் பின்னால் உள்ள இரும்பு தடித்திருந்தால், சீவல் சுருண்டு வராமல் உடைந்து உதிரும். மெல்லிய அலகு குச்சியோடு ஒட்டியபடியே நீளமாக ஓடும். சீவல்கள் அறுந்து விழாமல் குச்சியின் நுனியில் சுருள் சுருளாக நிற்கும். அப்படிப்பட்ட குச்சி ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும்.

தடிமன் கட்சியினர் இதற்கு ஒரு கணக்கைப் பதிலாகச் சொல்வார்கள். வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிமனின் முப்படியாகக் கூடும்; 2.5 மி.மீ. அலகை 5 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 8 மடங்கு ஆகும். கணக்கு சரிதான். அந்த 8 மடங்கு விறைப்பு எந்த வேலைக்கு என்பதில்தான் தகராறு. 10 செ.மீ. நீளமுள்ள மெல்லிய அலகு, கை பலத்தால் மரம் சீவும்போது கண்ணுக்குத் தெரியும்படி வளைவதில்லை. வளைகிறது என்றால் கத்தியை நெம்புகோலாக்கி, பெட்டியையோ பாறையிடுக்கையோ யாரோ நெம்புகிறார் என்று பொருள். திருப்புளியை உளியாக்கி உடைத்துவிட்டுத் திருப்புளி தடிமன் போதாது என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மண் தோண்ட வேண்டுமானால் அந்தச் சின்னக் கத்தியால் ஒரு கழியைக் கூராக்கி அதைக் கொண்டு தோண்டலாம். கழி உடைந்தால் இன்னொரு கழி.

தடித்த கத்தியின் மோகம் காட்டில் பிறந்தது அல்ல. ஒரு கால் போர்க்களத்தில் இருக்கிறது, இன்னொரு கால் சினிமாவில். அமெரிக்கக் கடற்படைத் துருப்பினருக்கு 1942இல் வந்த ‘கா-பார்’ வகைக் கத்தியின் அலகு 7 அங்குலம். அது சண்டைக்கும், பெட்டி உடைக்கவும், குழி தோண்டவும், இன்னும் கையில் அகப்பட்ட எல்லா வேலைக்கும் என்று உருவானது. போர் முடிந்த பிறகு வேட்டைக்காரர்களின் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. பிறகு 1982இல் ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படம் வந்தது. அர்க்கன்சாவின் கத்திக் கைவினைஞர் ஜிம்மி லைல் அந்தப் படத்துக்குச் செய்த கத்தியில் முதுகில் ரம்பப் பல், குழல் போன்ற பிடி, அதன் மூடியில் திசைகாட்டி. பார்க்க மிரட்டலாக இருந்த அந்த உருவத்தை ஊர் பேர் தெரியாத மலிவுக் கத்திகள் ஆயிரக்கணக்கில் நகலெடுத்தன. பிடி உள்ளே வெறும் குழல் என்பதால் அலகைப் பிடிக்கும் இரும்பு கட்டைவிரல் அளவுகூட உள்ளே போகாது. அவை பிடி கழன்றும் முறிந்தும் பேர் கெட்டன. அந்தக் கசப்பு ‘அலகும் பிடியும் ஒரே இரும்பு’ என்ற கோட்பாட்டுக்கு உரம் போட்டது. நோய்க்கு மருந்து சரிதான். நோயே இல்லாதவருக்கும் அதைப் புகட்டுவதில்தான் கோளாறு.

பிடிக்குள் போகும் இரும்புக்கு ‘வால்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். பிடியின் அகலம் முழுதும் நிரம்பிய வால் இல்லாத கத்தி உறுதியற்றது என்ற வாதத்தை அதன் சொந்த மூதாதையே மறுக்கிறது. மேலே சொன்ன கா-பார் கத்தியில் வால் ஒடுக்கமானது. தோல் வளையங்களை அதில் கோத்து அடுக்கி, கடைசியில் குமிழ் வைத்து முடுக்கியிருப்பார்கள். உலகப் போரைக் கண்ட கத்தி அது. நேபாளத்துக் குக்ரியின் மரபான வடிவிலும் ஒடுக்கமான வால்தான். பிசின் போன்ற ஒரு கலவையால் பிடிக்குள் ஒட்டப்பட்டிருக்கும். ஜப்பானிய வாளின் வால் பிடியின் கடைசிவரை போவதே இல்லை. அதைப் பிடியோடு கட்டி நிறுத்துவது ஒரு மூங்கில் ஆணி. தமிழ்நாட்டுக் கிராமத்துக் கொல்லர் பட்டறையில் அரிவாளுக்குப் பிடி போடுவதைப் பார்த்தவருக்கு இதில் வியப்பு இருக்காது. கூம்பிய இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடிக்குள் இறக்குவார்கள். பிளக்காமல் இருக்க வாயில் ஒரு பூண். அந்த அரிவாள் கருவேலம் வெட்டும், தென்னை மட்டை வெட்டும், ஆண்டுக்கணக்கில் வெட்டும். பிடி தேய்ந்தால் பிடியை மாற்றுவார்கள். அரிவாளை யாரும் தூக்கி எறிவதில்லை.

வால் உடைவது பெரும்பாலும் அதன் அகலக் குறைவால் அல்ல, அலகும் வாலும் சேரும் தோளில் உள்ள மூலையால். அந்த மூலை கத்தரித்தாற்போல் செங்கோணமாக இருந்தால் விசை அங்கே குவிந்து விரிசல் விடும். வளைவாக இழைத்திருந்தால் ஒடுக்கமான வாலும் நிற்கும். அட்டைப் பெட்டியில் ‘முழு வால்’ என்று பெரிய எழுத்தில் அச்சடிப்பவர்கள் இந்த வளைவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுவதில்லை.

முழு வாலுக்குக் கொடுக்கும் விலையும் உண்டு. பிடியில் இரும்பு கூடுவதால் எடை கூடும். இரண்டு பக்கமும் பலகை வைத்து ரிவெட்டு அடிக்கும்போது, பலகைக்கும் இரும்புக்கும் நடுவே நாளடைவில் மயிரிழை இடைவெளி விழும். மீன் கழுவிய தண்ணீரும் வியர்வையும் அதற்குள் இறங்கித் துருவைக் கிளப்பும். குளிர்ப் பிரதேசத்தில் பிடியின் விளிம்பில் தெரியும் இரும்பு விரலைக் கடிக்கும். பின்லாந்துக்காரர்களின் ‘பூக்கோ’ கத்தி இதனால்தானோ என்னவோ, பிர்ச் மரக்கட்டையையோ பிர்ச் பட்டையையோ ஒடுக்கமான வாலில் கோத்து முடிகிறது. அதன் அலகு ஏறக்குறைய உள்ளங்கை அகலம்தான். காட்டுக்கும் பனிக்கும் பின்லாந்துக்காரர்கள் அந்நியர் இல்லை.

இனி, கட்டையால் அடித்து விறகு பிளக்கும் விவகாரம். பெரிய கத்திக் கட்சியின் கோட்டை இதுதான், இதில் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது. கனடா, சுவீடன் போன்ற நாடுகளின் ஊசியிலைக் காட்டில் நாட்கணக்கில் மழை பெய்து வெளியில் எல்லாம் ஊறிக் கிடக்கும்போது, நின்றபடியே பட்ட மரத்தைப் பிளந்தால் உள்ளே காய்ந்த கட்டை கிடைக்கும். அந்தச் சூழலில் பிளப்பது ஒரு திறமை, பகட்டு அல்ல. ஆனால் அந்தக் காட்டையே கரைத்துக் குடித்த கனடியர் மோர்ஸ் கோசான்ஸ்கி, தம் மாணவர்கள் கையில் கொடுக்கச் சொன்னது சுவீடனின் மோரா வகைக் கத்தியை. காட்டு வாழ்வுத் திறன்கள் குறித்து 1980களில் அவர் எழுதிய நூல் இன்றும் இத்துறையினர் கையில் புரள்கிறது. மணிக்கட்டுப் பருமனும் நேரான நாரும் உள்ள கட்டையை அந்தச் சிறு கத்தியே பிளக்கும். கணு உள்ள கட்டையை ஒதுக்கிவிடலாம். காட்டில் கட்டைக்குப் பஞ்சமில்லை. அதைவிடப் பருமனானதைப் பிளந்தே தீர வேண்டுமென்றால், அதே கத்தியால் மரத்தில் இரண்டு மூன்று ஆப்புச் செதுக்கி வரிசையாக அடித்து இறக்கலாம். அடி வாங்குவது ஆப்பு; கத்தி உறைக்குள் பத்திரமாக இருக்கும்.

பருமனான கட்டை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் வேடிக்கை. கால் கிலோ அரிசி பொங்க விரல் பருமன் சுள்ளி போதும். சுள்ளியில் சமைக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளில் யாரும் அடுப்பு மூட்டுவதற்கு முன் கத்தியைக் கட்டையால் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

‘ஒருவேளை காட்டில் தொலைந்து, கையில் ஒரே ஒரு கருவிதான் மிஞ்சினால்?’ என்ற கேள்வி அடுத்து வரும். பெரிய கத்தியின் விற்பனை பாதி இந்த ‘ஒருவேளை’யில்தான் நடக்கிறது. காட்டில் உண்மையாகவே வாழ்ந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே அலகில் சுமத்தியதாகத் தெரியவில்லை. ஆல்ப்ஸ் பனியாற்றில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட ‘ஓட்சி’ என்ற மனிதர் 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவர். அவரிடம் இருந்தவை யூ மரக் காம்புள்ள செப்புக் கோடரி ஒன்றும், பிடியோடு சேர்த்து 13 செ.மீ. மட்டுமே நீளமுள்ள சிக்கிமுக்கிக் கத்தி ஒன்றும். வெட்டுவதற்கு ஒன்று, அறுப்பதற்கு ஒன்று. வட ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்களிடம் ‘லெயுக்கு’ என்ற நீண்ட கத்தி உண்டு. கிளை வெட்டவும் எலும்பு உடைக்கவும் அது. நுண்ணிய வேலைக்குப் பக்கத்திலேயே சின்னக் கத்தி. ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதிய அமெரிக்கர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், 1884இல் வெளியான ‘வுட்கிராஃப்ட்’ நூலில் தம் மூட்டையில் வைத்தது சிறு கோடரி, மெல்லிய அலகுள்ள கத்தி, பேனாக்கத்தி ஆகிய மூன்றை. 1906இல் முகாம் கலை பற்றிப் பெரிய நூல் எழுதிய ஹோரேஸ் கெப்பார்ட்டும் கனத்த கத்தியைக் கேலி செய்தவர்தான். நூற்றிருபது ஆண்டுக்கு முன் முடிந்த வழக்கை இன்றைய விளம்பரம் மறுபடி திறந்திருக்கிறது.

வெப்பமண்டலக் காட்டின் கதை வேறு என்று சிலர் சொல்வார்கள். வேறுதான், ஆனால் அதுவும் தடிமனுக்குச் சாதகமாக இல்லை. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வழி வெட்டப் பயன்படும் மச்செட்டி ஒன்றரை முதல் இரண்டடி நீளம் இருக்கும். தடிமன் பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ. பச்சைக் கொடியையும் புதரையும் வெட்டுவது வீச்சின் வேகம். இரும்பின் கனம் கையைத்தான் ஓயவைக்கும். ஆக, நீளம் தேவைப்படும் இடத்திலும் மெலிவு இருக்கிறது. மெலிவு தேவைப்படும் இடத்தில் நீளம் தேவைப்படவில்லை. குட்டையாகவும் கால் அங்குலத் தடிமனாகவும் இருக்கும் கத்தி எந்தக் காட்டுக்காரருடைய கருவியும் அல்ல.

எஃகைப் பற்றிய பேச்சுக்கு வந்தால், அங்கே குரல் இன்னும் உயரும். 2001இல் அறிமுகமான எஸ்30வி போன்ற எஃகுகளில் வனேடியம் 4 சதவீதம் அளவுக்குச் சேர்ந்திருக்கும். அது உள்ளே வனேடியம் கார்பைடு என்ற மிகக் கடினமான துகள்களாக நிற்பதால் வாய் சீக்கிரம் தேயாது. உண்மை. ஆனால் அந்தத் துகள் சாதாரணத் தீட்டுகல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. தேயாத வாய் தீட்டவும் வராது. மூன்றாம் நாள் காலையில் மழுங்கிய கத்தியோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்து கூழாங்கல்லைத் தேடுபவருக்கு வைரத் தூள் பூசிய பட்டை வேண்டியிருக்கும். அது வீட்டில் இருக்கும்.

மோரா கத்திகளில் வழக்கமாக வரும் சுவீடன் ஸ்டெயின்லெஸ் 12சி27. கார்பன் 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். கேட்பவரை மயக்கும் எண்கள் அல்ல. அதன் துகள்கள் மிக நுண்ணியவை. சாதாரணக் கல்லில் ஐந்து நிமிடத்தில் கூராகிவிடும். கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்புப் பூசாத வட்ட விளிம்பே போதும். எஃகின் பெயரைவிட அதற்குப் போட்ட துவைச்சல் எப்படி என்பது முக்கியம்: சூடு ஏறியதும் இறங்கியதும் தப்பினால் நல்ல எஃகும் வாய் மடங்கும், அல்லது பல் விழும். வாயின் கோணம் அதைவிடவும் முக்கியம். அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் கத்திப் பொறியியல் குறித்து 2020இல் வெளியிட்ட நூலில் இதை விரித்துச் சொல்கிறார்: கோணத்தைக் குறைத்தால் கத்தி வெட்டிக்கொண்டே போகும் ஆயுள் பெருமளவு கூடும். தடித்த கத்தியில் இந்தக் கோணத்தைக் குறைப்பது பெரும் பாடு. சாணைக்காரரிடம் கொண்டுபோய் அரை நாள் இழைக்க வேண்டும்.

கார்பன் எஃகுதான் அசல், ஸ்டெயின்லெஸ் காட்டுக்கு ஆகாது என்ற உபகட்சியும் ஒன்று உண்டு. கார்பன் எஃகு எளிதில் கூராகும், அடி தாங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் மாங்காய் நறுக்கித் துடைக்க மறந்தால் பத்து நிமிடத்தில் கறுக்கும். மழைக்கால மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈர உறைக்குள் ஓர் இரவு கிடந்தால் காலையில் செம்புள்ளி. தினமும் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவருக்கு அது நல்ல துணை. இல்லாதவர் ஸ்டெயின்லெஸ் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். தீப்பொறிக் கம்பியைக் கார்பன் எஃகால்தான் உரச வேண்டும் என்பதும் பிழை. அந்தக் கம்பி ஃபெர்ரோசீரியம். பொறி பறப்பது கம்பியின் துகள் எரிவதால். கூரான விளிம்புள்ள எந்த எஃகும் அதைச் சுரண்டும், கண்ணாடித் துண்டும் சுரண்டும். சிக்கிமுக்கிக் கல்லில் தட்டுவதற்குத்தான் கார்பன் எஃகு வேண்டும். இந்தக் காலத்தில் சிக்கிமுக்கிக் கல்லோடு முகாமுக்குப் போகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் இரும்பைப் பற்றிப் பேசியாகிவிட்டது; வாங்குபவர் உண்மையில் பார்க்க வேண்டியது பிடி. இரும்பு உடைந்து கைவிடப்படும் கத்திகள் மிகக் குறைவு. கை வலித்துப் பெட்டிக்குள் போய், பெட்டிக்குள்ளேயே கிடக்கும் கத்திகள்தான் அதிகம். பயன்படாமல் கிடக்கும் கத்தியின் உறுதியால் யாருக்கு என்ன லாபம்?

ஒரு கழியில் அரை மணி நேரம் சீவல் எடுத்தால் பிடியின் குற்றங்கள் ஒவ்வொன்றாகக் கையில் எழுதப்படும். ஆள்காட்டி விரலின் அடியில், பிடியின் முன்விளிம்பு அழுந்தும் இடத்தில் முதலில் சிவக்கும். அடுத்தது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சவ்வு. முதுகில் பல் பல்லாகக் கீறி வைத்த கத்தியானால் கட்டைவிரலின் சதை அரைபடும். வழுக்காமல் இருக்க என்று வெட்டிய அந்தப் பற்கள் ஐந்து நிமிடப் பிடிக்கு நல்லவை, அரை மணிக்குக் கொடியவை. விரல்களுக்கென்று நான்கு பள்ளம் செதுக்கிய பிடி கடையில் கச்சிதமாக இருக்கும். செய்தவரின் விரல் அளவும் வாங்கியவரின் விரல் அளவும் ஒன்றாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் பள்ளத்துக்கு நடுவே உள்ள மேடுகள் விரல் மூட்டில் ஏறும். ஒன்றாக இருந்தாலும், கத்தியைத் திருப்பிப் பிடித்து மார்புப் பக்கமாக இழுத்துச் சீவும் கணத்தில் அத்தனை பள்ளமும் தவறான இடத்தில் இருக்கும்.

நல்ல பிடி பார்வைக்கு ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். குறுக்குவெட்டு முட்டை வடிவம்: வட்டமாக இருந்தால் கைக்குள் உருளும், பட்டையாக இருந்தால் விளிம்பு அறுக்கும். முட்டையின் கூர்ப்பக்கம் அலகின் வாய்ப் பக்கம் இருந்தால், இருட்டில் எடுத்தாலும் வாய் எந்தத் திசையில் என்று கைக்குத் தெரியும். நடுவில் சற்றே பருத்து உள்ளங்கைக் குழியை நிரப்ப வேண்டும். நீளம் உள்ளங்கை அகலத்தைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். குட்டையான பிடியின் குமிழ் உள்ளங்கையின் நடுவில் குத்தும். பிடியின் பருமனில் பலர் ஏமாறுகிறார்கள்: மெல்லிய பிடி கையில் எடுத்தவுடன் லாவகமாகத் தோன்றும், ஆனால் மெல்லிய பிடியைத்தான் கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இறுக்கம் கூடக் கூட முன்கை சோரும். சோர்ந்த கைதான் வழுக்கும்.

கைக்காப்பும் இதில் சேரும். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் காப்பு குத்துவாளுக்கு உரியது. சீவும் வேலையில் மேல் காப்பு கட்டைவிரலை முதுகில் வைக்க விடாது. கீழே ஒரு சிறு மேடு போதும். சில கத்திகளில் பிடிக்கும் வாய்க்கும் நடுவே விரல் வைக்க ஒரு வளைவு வெட்டி, வாய் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளித்தான் தொடங்கும். பார்க்க அழகு. கைக்கு மிக அருகில் உள்ள வாய்தான் அழுத்தி வெட்டும் இடம். அதைத் தள்ளிவைப்பது கத்தரிக்கோலின் கடைசி நுனியால் தடித்த துணியை வெட்டச் சொல்வது போல.

பிடி எதனால் செய்தது என்பதற்கு இத்தனை பேச்சு வேண்டாம். ரப்பர் கலந்த நெகிழி ஈரத்தில் வழுக்காது, மலிவு. துணி அடுக்கிப் பிசினில் இறுக்கிய மைகார்ட்டா நனைந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும், விலை கூடுதல். மரம் கைக்கு இதம், எண்ணெய் கேட்கும். கண்ணாடி போல மெருகேற்றிய எதுவும் மீன் எண்ணெய் பட்ட கையில் ஆபத்து. உறையும் அப்படித்தான்: தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், நெகிழி குடிக்காது. தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழாத உறையாக இருந்தால் சரி.

தமிழ்நாட்டில் முகாம் போடுபவருக்குச் சட்டத்தின் பக்கமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பெரிய கத்தி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் வேலைக்கென்று வடிவமைக்கப்படாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டாலோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றாலோ, இந்திய ஆயுத விதிகளின் அட்டவணையில் அது ஆயுதம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கறாரானது. சரணாலயத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது. ஆயுதம் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் கத்தியும் அடக்கம். சரணாலயத்தில் தீ மூட்டுவதற்கும் மரம் வெட்டுவதற்கும் தடை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ பலிகொண்ட பிறகு, தீயைப் பற்றி அங்கே யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை. ஆக, இங்கே அனுமதி பெற்ற முகாம் என்றால் பெரும்பாலும் வாயு அடுப்பு, நறுக்க வேண்டிய காய், கட்ட வேண்டிய கயிறு. விறகு பிளக்கவென்று சுமந்துவந்த கத்திக்குப் பிளக்க விறகே கிடையாது.

மோரா கத்தியின் வரலாறு இந்த விவாதத்துக்கு வெளியே இருக்கும் ஒன்று போலத் தோன்றலாம்; ஆனால் அதில்தான் உறுதி என்ற சொல்லுக்குச் சரியான பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் மரம் வெட்டும் தொழில் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஃப்ரோஸ்ட்-எரிக் எர்ஸன் என்பவர் 1891இல் சுவீடனின் மோரா வட்டாரத்தில் மரச் சறுக்குவண்டிப் பட்டறை தொடங்கினார். கத்தியும் அங்கே உருவானது. அது வீரருக்கான கத்தி அல்ல. தச்சர், மீனவர், மின்பணியாளர் இடுப்பில் தொங்கிய கத்தி. இன்று அந்த நிறுவனத்தின் எளிய ரகத்தில் அலகு 10 சென்டிமீட்டரை ஒட்டி, முதுகு 2.5 மி.மீ., வால் ஒடுக்கம். அதே நிறுவனம் முழு வால் வைத்த 3.2 மி.மீ. கத்தியையும் இப்போது விற்கிறது. கேட்பவர் இருக்கும்போது விற்காமல் இருப்பார்களா?

எனவே வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் எஃகின் பெயரைக் கேட்பதற்கு முன் கத்தியைக் கையில் கேட்க வேண்டும். முஷ்டியாகப் பிடித்து, கட்டைவிரலை முதுகில் வைத்து, திருப்பி மார்புப் பக்கமாக, பேனா போல நுனியருகில் என்று நான்கு விதமாகவும் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் இறுக்கிவிட்டு உள்ளங்கையை விரித்தால், சிவந்த கோடு எங்கே விழுந்திருக்கிறதோ அங்கேதான் நாளைக்குக் கொப்புளம். கோடு விழாத 4 அங்குலக் கத்தி கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் ஒரு மடக்கு ரம்பமும் சின்னத் தீட்டுகல்லும் வாங்கலாம். மூன்றையும் சேர்த்துத் தராசில் வைத்தாலும் அந்த அரைக் கிலோவைத் தாண்டாது.